ஒரே வீட்டில் இரண்டு செண்பகம்

ஹாலில் கண்ணாடி கிளாஸ் மேசை மேல் ‘டொக்’கென்று இறங்கியது.

சமையலறையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றிருந்த செண்பகத்தின் கை அப்படியே நின்றது. அவள் பஸ் ஓட்டுகிறவள். இன்ஜினில் எந்தச் சத்தம் சாதாரணம், எந்தச் சத்தம் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிடும் என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவாள். இது இரண்டாவது ரகம்.

சற்று முன்புதான் அவளுடைய அக்கா பிரேமலா ஹாலிலிருந்து சத்தம் போட்டிருந்தாள். “அடியே செண்பகம்! வடை சுடுறியா, இல்ல இனிமேதான் உளுந்தே விதைக்கப் போறியா? சீக்கிரம் வாடி!”

அதற்குப் பிறகுதான் அந்த ‘டொக்’. தொடர்ந்து, வயதான ஒரு குரல், கொஞ்சமும் நடுங்காமல் கேட்டது.

“யாரைம்மா நீ அடியேங்கிற?”

செண்பகம் அடுப்பை அணைத்துவிட்டு, வாசல் திரையை விரலால் விலக்கிப் பார்த்தாள். சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், அவளைப் பெண் பார்க்க வந்திருந்த திருச்செல்வத்தின் தாயார். பெக்கோக் ஊரிலிருந்து காரில் வந்து இறங்கி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. எண்பதை எட்டிப் பிடிக்கப் போகும் வயது. மாம்பழ நிறப் பட்டுச்சேலை. மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. பக்கத்தில் மாப்பிள்ளை திருச்செல்வம், தலையெல்லாம் நரைத்திருந்தாலும் தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடப் பையன்தான். எதிரே பிரேமலா, நீட்டிய கறிபாப் பலகாரத் தட்டோடு உறைந்துபோய் நின்றாள்.

“ஐயோ, உங்களை இல்லைங்கம்மா! என் தங்கச்சியைக் கூப்பிட்டேன். பொண்ணை!”

“பொண்ணு பேரு என்ன?”

“செண்பகம்.”

“என் பேரும் செண்பகந்தான்” என்றார் அம்மாள்.

“அலமாக், போச்சு!” என்றாள் பிரேமலா.

அம்மாள் மெல்லத் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். “ஏண்டா, பொண்ணு பேரு என்னன்னு உன்னைக் கேட்டேனா இல்லையா?”

“கேட்டீங்கம்மா.”

“நீ என்ன சொன்னே?”

“நல்ல பேருன்னு சொன்னேன்.”

“வண்டியில வரும்போது மறுபடியும் கேட்டேன்.”

“டீக்கடை வந்திடுச்சு, டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன்.”

“ஏண்டா மறைச்சே?”

“உங்க பேரை உங்க மூஞ்சிக்கு நேரா நான் எப்படிம்மா சொல்றது?” என்றான் திருச்செல்வம், கண்கலங்காத குறையாக.

சிரிக்காதீர்கள். இது அவனுக்கு உயிர்ப் பிரச்சினை. பெற்றவள் பெயரைப் பிள்ளை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்க்கப்பட்டவன் அவன். தோட்டத்துப் பள்ளியில் படித்தபோது ஒருநாள், “உன் அம்மா பேரு என்ன?” என்று வாத்தியார் கேட்டதற்கு, வாயைத் திறக்காமல் கரும்பலகையில் எழுதிக் காட்டினானாம். இன்றைக்கும் அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிப் போனால், அடையாள அட்டையை நீட்டுவானே தவிர பெயரைச் சொல்ல மாட்டான்.

செண்பகத்தைக்கூட அவன் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “டிரைவர்” என்பான். இரண்டு வருஷத்துக்கு முன்பு, கூலாய் ஊர் பஸ் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த அவன், அவள் வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, “டிரைவர், இந்த பிரேக்கோட இவ்ளோ நாள் எப்படி ஓட்டுனீங்க?” என்று கேட்டதுதான் அவர்களுடைய முதல் பேச்சு. “நம்பிக்கையோட ஓட்டுனேன்” என்றாள் அவள். அன்றிலிருந்து அவள் வண்டிக்கு மாசா மாசம் ஏதாவது ஒரு கோளாறு வந்தது. கோளாறே இல்லாத மாசத்திலும் வந்தது. கடைசியில் பட்டறை முதலாளி தவ்கேதான் பொறுக்க முடியாமல், “நீ அந்தப் பஸ்ஸைக் கல்யாணம் பண்ணப் போறியா, அந்த டிரைவரம்மாவைக் கல்யாணம் பண்ணப் போறியா, ஒரு முடிவு சொல்லு லா” என்று கேட்டுவிட்டார்.

அந்த முடிவைச் சொல்லத்தான் இன்று இந்த ஞாயிற்றுக்கிழமை.

“சரி, நடந்தது நடந்துபோச்சு” என்றார் அம்மாள். “இதுக்கு வழி இல்லாம இல்ல. என் கொழுந்தன் வீட்டுலயும் இப்படித்தான் வந்துச்சு. மாமியா பேரும் மருமவ பேரும் ஒண்ணு. வீட்டுக்குள்ள கால் வைக்கிற அன்னிக்கே மருமவளுக்கு வேற பேரு வச்சுட்டாங்க. தாலி ஏறுனதும் தனலெட்சுமின்னு கூப்பிட்டுக்கலாம். மகாலட்சுமி மாதிரி நல்ல பேரு.”

“அதுக்கென்னங்கம்மா!” பிரேமலாவுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது. “பேருதானே! தனலெட்சுமி என்ன, தங்கலெட்சுமின்னே கூப்பிடுங்க!”

தங்கைக்கு ஐம்பதைத் தாண்டிக் கூடிவந்த கல்யாணம். ஒரு பெயரில் தட்டிப்போக அக்கா விடுவாளா?

திரைக்குப் பின்னால் நின்றவளுக்குத்தான் அது லேசான காரியமாகப் படவில்லை. திருச்செல்வம் வேண்டும். அந்த நல்லவனை விட்டுவிட அவளுக்கு மனமில்லை. ஆனால் பெயரை விட முடியுமா?

அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா வந்ததில்லை.

காஹாங் ஊருக்கு அந்தப் பக்கம் ஒரு தோட்டத்தில், டிராக்டர் ஓட்டும் காளியப்பனுக்கு நாலாவதாகவும் பெண்ணே பிறந்தது. வீட்டுப் பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். இனிமேலும் பெண் பிறக்காமல் இருக்கவேண்டுமானால் இவளுக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பேர் வைக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்படி வைப்பது ஒன்றும் புதிதில்லை. லயத்துக்கு, அதாவது தோட்டத்து வீட்டு வரிசைக்கு, ஒரு போதும்பொண்ணு இருந்தாள்; ஒரு லயத்தில் ‘வேண்டாம்’ என்றே ஒருத்தி இருந்தாள். காளியப்பனும் தலையை ஆட்டிவிட்டுப் பதியப் புறப்பட்டார். போகிற வழியில் தோட்டத்து ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று மனைவியிடம் சொன்னார்.

பிள்ளை பெற்ற பச்சை உடம்பு. அந்தத் தாய் எழுந்து உட்கார்ந்தாளாம். “போதுமா? யாருக்குப் போதும்? பெத்தவ நானு. எனக்குப் போதலை!” ஜன்னலுக்கு வெளியே ஒரு செண்பக மரம், மஞ்சள் மஞ்சளாகப் பூத்து, ஆஸ்பத்திரியின் மருந்து வாடையையே அடக்கி மணத்துக்கொண்டிருந்தது. “அதோ, அந்தப் பூ பேரை வைங்க. இல்லேன்னா நான் வீட்டுக்கு வரல.”

டிராக்டரையே திருப்பத் தெரிந்த காளியப்பனுக்குத் தன் பெண்டாட்டியைத் திருப்பத் தெரியவில்லை. செண்பகம் என்றே பதிந்துவிட்டு வந்தார்.

பள்ளிக்கூடத்தில் அவள் வகுப்பில் மூன்று செண்பகம். அந்த நாளில் வீட்டுக்கு வீடு பூவின் பெயர்தான். மல்லிகா, ரோஜா, அல்லி, செவ்வந்தி என்று வருகைப் பதிவு கூப்பிட்டாலே பூக்கூடையைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். மூன்று பேரையும் பிரித்துக் கூப்பிட வாத்தியார் இவளை ‘டிராக்டர் செண்பகம்’ ஆக்கினார். அவளுக்கு அதில் பெருமைதான். வளர்ந்த பிறகு வரன்கள் வந்து வந்து கலைந்தபோது, உறவுக்காரிகள் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டு, “செண்பகப் பூவை வண்டு அண்டாதாம், பெரியவங்க தெரியாமலா சொன்னாங்க?” என்பார்கள். “வண்டு வரலைன்னா பூவுக்கு என்ன நட்டம்? மணம் குறைஞ்சா போச்சு?” என்று இவளும் திருப்பிக் கொடுப்பாள். அக்காமார் மூவரும் கல்யாணமாகிப் போனார்கள். அவள் அப்பாவையும் அம்மாவையும் கடைசி மூச்சுவரை பார்த்துக்கொண்டாள். பஸ் லைசென்ஸ் எடுத்தாள். கூலாயில் தொழிற்சாலை பஸ் ஓட்ட வந்தாள்.

இங்கே வந்தபிறகுதான் அவள் பெயருக்கு இத்தனை ஊர்களில் சொந்தம் இருப்பது தெரிந்தது. யோகேஸ்வரி, விசுவலிங்கம் என்று நீளப் பெயர் உள்ளவர்கள் ஒவ்வொரு கவுண்டரிலும் தங்கள் பெயர் நொறுங்குவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது, இவள் பெயரைப் பார்த்ததும் மலாய்க்காரப் பெண்கள் முகம் மலர்ந்து, “ஓ, செம்பாக்கா!” என்பார்கள். அவர்களுக்கும் அதே பூ, அதே பெயர். கல்யாணப் பெண் கொண்டையில் வைக்கிற பூ. அவள் பஸ்ஸில் ஏறும் நேப்பாளத்துப் பையன்கள், “எங்க ஊர்ல சம்பா, அக்கா” என்றார்கள். போன வருஷம் வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது, பெயிண்டர் தானாகவே முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் எழுத்தில் ‘செம்பாக்கா’ என்று எழுதிவிட்டான். லோஷினி என்றெல்லாம் புதுப் பேர் வைத்த இந்தக் காலத்துப் பெண்கள் மட்டும், “பழைய பேரு லா அக்கா, இப்ப யாரு வைக்கிறா?” என்று கிண்டலடிப்பார்கள். “பழைய பேருதான். ஆனா ஸ்பெல்லிங் சொல்லத் தேவையில்லை பாரு” என்று அவர்கள் வாயை அடைப்பாள்.

இந்தப் பெயரையா கழற்றி வைப்பது?

வடைத் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள். அம்மாள் முன்னால் தட்டை வைத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் செண்பகத்துக்கு இன்னும் கஷ்டமாகப் போயிற்று.

“அத்தை, நான் உள்ளேருந்து எல்லாம் கேட்டேன்” என்றாள். “உங்க வீட்டுக்கு வந்து எந்த வேலை சொன்னாலும் செய்வேன். கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவேன், கால் பிடிச்சு விடுவேன். பேரை மட்டும் மாத்தச் சொல்லாதீங்க.”

“அடி பாவி!” என்று பிரேமலா கையைப் பிசைந்தாள்.

செண்பகம் போதும்பொண்ணு கதையைச் சொன்னாள். “வேண்டாம்னு பொறந்தவளை, வேணும்னு சொல்ல எங்கம்மா வச்ச பேரு அத்தை இது. இதைக் கழட்டிட்டா, நான் மறுபடியும் போதும்பொண்ணாயிடுவேன்.”

கேட்டுக்கொண்டிருந்த அம்மாளின் கண் ஓரம் பளபளத்தது. ஆனால் தலை அசையவில்லை.

“உங்கம்மா வச்சது உனக்குப் பெருசு. எங்கம்மா வச்சது எனக்குப் பெருசில்லையா?” என்றார். “நான் ஒண்ணும் வீம்புக்குச் சொல்லலம்மா. யோசிச்சுப் பாரு. ஒரே வீடு. நான் அடுப்படியில நிக்கிறேன். நீங்க ரெண்டு பேரும் புருசன் பொண்டாட்டி, சண்டை வராமலா இருக்கும்? அவன் நடுவீட்டுல நின்னு, ‘ஏய் செண்பகம், உனக்கு மூளை இருக்கா?’ன்னு கத்துவான். யாருக்கு மூளை இல்லைன்னு நான் எடுத்துக்கிறது?”

“அம்மா, நான் அப்படியெல்லாம்...” என்று ஆரம்பித்தான் திருச்செல்வம்.

“நீ சும்மா இரு. இத்தனை வயசுக்கு மேல நான் எம்புள்ள வாயால ஏச்சு வாங்கணுமா? அந்தப் பாவம் அவனுக்கு வேணுமா?” அம்மாள் சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “பொண்ணு நல்ல பொண்ணு. எனக்குக் குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா இது ஒத்து வராது. கார் சாவியை எடுடா.”

திருச்செல்வம் எழுந்தான். சாவி மேசை மேல்தான் இருந்தது. அவன் அதைத் தவிர வீட்டில் உள்ள எல்லாவற்றையும் பார்த்தான்: மின்விசிறியை, நாட்காட்டியை, சாமிப் படத்தை. கடைசியில் செண்பகத்தைப் பார்த்தான். ஒரு வார்த்தை பேசமாட்டானா இந்த மனுஷன்! பேசமாட்டான். பேச வேண்டுமென்றால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுதான் அவனுக்கு வராதே!

அந்த நிமிஷத்தில்தான் செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. அழ வேண்டிய இடத்தில் வந்த சிரிப்பு. வாயைப் பொத்தியும் நிற்கவில்லை.

“எதுக்குச் சிரிக்கிற?” என்றார் அம்மாள், வாசலுக்குப் போகத் திரும்பியவர்.

“அத்தை, மன்னிச்சிருங்க. நீங்க சொன்னதை யோசிச்சேன். அவருக்குக் கோவம் வந்தா ‘ஏய் செண்பகம்’னு கத்துவாருன்னு சொன்னீங்க.”

“ஆமா.”

“எப்படிக் கத்துவாரு?”

“எப்படின்னா?”

“பெத்த தாய் பேராச்சே! பள்ளிக்கூடத்துல வாத்தியார் கேட்டப்பவே வாய் திறக்காதவரு, அந்தப் பேரைச் சொல்லித் திட்டுவாரா? கோவம் தலைக்கு ஏறி, ‘ஏய்’ வரைக்கும் வருவாரு. அப்புறம் அடுப்படியில நீங்க நிக்கிறது ஞாபகம் வரும். அவ்வளவுதான், வண்டி நின்னுடும்.”

பிரேமலா கறிபாப் தட்டைக் கீழே வைத்தாள்.

“அத்தை, ஊர்ல எந்தப் பொண்டாட்டிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது” என்றாள் செண்பகம். “ஒரு நாளும் திட்டு வாங்காம வாழ்றதுக்கு வழி இருக்கு. அதைத்தான் நீங்க மாத்தச் சொல்றீங்க. தனலெட்சுமின்னு வச்சுட்டா, அவரு தாராளமா திட்டலாமே!”

அம்மாள் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு மெதுவாகச் சோபாவுக்கு வந்து உட்கார்ந்தார்.

“எங்க வீட்டுக்காரரு...” என்று ஆரம்பித்தார். “நல்ல மனுசன். ஆனா வாய் மட்டும் கங்காணி வாய். காலையில எழுந்ததுல இருந்து, செண்பகம் உப்பு எங்க, செண்பகம் செருப்பு எங்க, செண்பகம் நீயெல்லாம் ஒரு மனுசியா. லயமே கேக்கும். அந்தப் பேரைக் கேட்டாலே கையில இருக்கிறதைப் போட்டுட்டு ஓடுவேன். நல்லதுக்கு ஒரு நாள் கூப்பிட்டதில்லம்மா.” முந்தானையால் மூக்கைத் துடைத்தார். “எம்மாமியா பேரு காளியம்மா.”

பிரேமலா மேசை மேல் இருந்த கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்கும் காளியம்மான்னு பேரு இருந்திருந்தா...” என்றார் அம்மாள். சொன்னவர் கண்ணில் திடீரென்று ஒரு குறும்பு வந்தது. “அந்த மனுசன் ஊமையாவே செத்திருப்பாரு!”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தோள் குலுங்க, மூக்குத்தி மின்ன, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். அது எந்த இடத்தில் சிரிப்பு, எந்த இடத்தில் அழுகை என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. செண்பகம் தரையில் உட்கார்ந்து அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். திருச்செல்வத்துக்குத் தன் அப்பாவின் குரல் ஞாபகம் வந்திருக்க வேண்டும். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“அவரு போனதுக்கப்புறம்” என்றார் அம்மாள், மூச்சு வாங்கி, “அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆளே இல்ல. அம்மாங்கிறான், ஆயாங்கிறாங்க, திருச்செல்வம் அம்மாங்கிறாங்க. கிளினிக்குல மைக்குல ஒருத்தி கூப்பிடுவா, அவ்வளவுதான். அதான் உங்கக்கா அடியேன்னதும் தூக்கிவாரிப் போட்டுடுச்சு.”

“மன்னிச்சுக்குங்கம்மா” என்றாள் பிரேமலா.

“அட, இருக்கட்டும். திட்டுனாலும் யாரோ கூப்பிட்டீங்களே.” அம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். “டேய், இங்க வா. அவ பேரைச் சொல்லிக் கூப்பிடு.”

திருச்செல்வத்துக்கு வியர்த்தது. “அம்மா...”

“அது என்னைக் கூப்பிடுறது. அவளைக் கூப்பிடு. கட்டிக்கப் போறவளைக் காலம் பூரா டிரைவர், டிரைவர்னா கூப்பிடுவே? அவ என்ன டாக்சியா ஓட்டுறா?”

அவன் தொண்டையைச் செருமினான். சட்டைக் காலரை இழுத்துவிட்டான். கண்ணை மூடிக்கொண்டான். ஐம்பது வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்த வார்த்தை ஒன்று, பிரசாதப் பூவை உள்ளங்கையில் ஏந்துகிற பதத்தில், மெல்ல வெளியே வந்தது.

“செண்பகம்...”

“ம்?” என்றார்கள் இரண்டு பேரும், ஒரே நேரத்தில்.

பிரேமலா வெடித்துச் சிரித்தாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா என்னமோ ஏதோ என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சிரிப்பு அடங்கியபோது அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

“செண்பகம்.”

“எம்புள்ள வாயால நல்லாத்தாண்டா இருக்கு.” அவர் வடை ஒன்றை எடுத்துப் பிட்டுப் பாதியைச் செண்பகத்தின் வாயில் ஊட்டினார். “பேரு இருக்கட்டும். யாரும் எதையும் மாத்த வேணாம். ஆனா ஒண்ணு, அவன் நல்லதுக்குக் கூப்பிட்டா நானும் திரும்பிப் பார்ப்பேன். நீ கோவிச்சுக்கக் கூடாது.”

“ரெண்டு பேரும் பார்க்கலாம் அத்தை.”

பிறகு நாள் பார்த்தார்கள். ஆடி கழியட்டும் என்றாள் பிரேமலா. ஆவணி முதல் முகூர்த்தமே இருக்கட்டும் என்றார் அம்மாள், இத்தனை நாள் காத்திருந்தது போதாதா என்று. மீகூன் என்ற அரிசிச் சேமியாப் பிரட்டலைச் சாப்பிட்டு, காரமில்லை என்று ஒரு குறையும் சொல்லி, மாமியாருக்கு உரிய மரியாதையை நிலைநாட்டினார். பொழுது சாயும்முன் ஊர் போய்ச் சேரவேண்டும் என்று எழுந்தார்கள்.

வாசலில் செண்பகம் குனிந்து அவர் செருப்பை எடுத்து வைத்தாள். அம்மாள் அவள் தோளைப் பிடித்தபடி படியிறங்கி, காரில் ஏறி உட்கார்ந்தார். திருச்செல்வம் இன்ஜினைக் கிளப்பினான். கார் நகர்ந்து, கேட்டைத் தாண்டி, சட்டென்று நின்றது. கண்ணாடி இறங்கியது.

“செண்பகம்!” என்று கூப்பிட்டார் அம்மாள்.

தன்னுடைய பெயரை, வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்னொருத்தியை அழைக்க அவர் சொன்னார்.

“என்னங்க அத்தை?”

“கதவைச் சாத்திக்கிட்டு உள்ள போய் ஒரு வாய் சாப்பிடு. காலையிலேருந்து எங்களுக்காகவே நின்னுக்கிட்டு இருக்கே. முகமெல்லாம் வாடிக் கிடக்கு.”

“சரிங்க அத்தை.”

கார் முனையில் திரும்பி மறையும்வரை அவள் கையசைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து, கிரில்லை இழுத்துப் பூட்டி, கதவைச் சாத்தினாள்.